நூறு மீற்றர் தள்ளி நின்று

1986 ஆவணியில் ரெனான் ரயில் நிலையத்தில் இறங்கியபோது என்னிடம் இருந்தவை இரண்டு. ஒன்று கொக்குவில் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் பயிற்சி முடித்த சான்றிதழ். மற்றது, பீல் நகரில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்த உணவகத்துக்கு வழமையாக வரும் ஒரு பெரியவர் தன் நண்பருக்கு எழுதித்தந்த துண்டுச் சீட்டு. பீலிலிருந்து லா ஷோ-து-ஃபோனுக்குப் போகும் பாதையில், சுஸ் என்ற சிற்றாறு தொடங்கும் பக்கத்தில் இருக்கிறது ரெனான். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீற்றர் உயரம். பேர்ன் மாநிலம்தான், ஆனால் பேச்சு பிரெஞ்சு. பள்ளத்தாக்கு முழுக்க மணிக்கூட்டுத் தொழில். பக்கத்து ஊரான செந்-இமியேயில்தான் லோன்ஜீன் தொழிற்சாலை இருக்கிறது.

சீட்டில் இருந்த முகவரி ஒரு பழைய மணிக்கூட்டுப் பட்டறை. சுவரின் நீளத்துக்கும் வரிசையாக யன்னல்கள். நுண்வேலைக்கு வெளிச்சம் வேண்டுமென்று அந்தக் காலத்தில் அப்படித்தான் கட்டுவார்கள். அதை வாங்கிய மனிதர் மணிக்கூட்டுத் தொழிலில் கருவி செய்பவராக முப்பது வருடம் இருந்துவிட்டு, இலேசான வண்டிகளுக்குக் கண்ணாடி இழையில் உடல் வார்க்கத் தொடங்கியிருந்தார். எல்லோரும் அவரைப் பத்ரோன், அதாவது முதலாளி, என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அதற்கு முந்தைய வருடம், 1985 ஆனியில், ரோமான்ஸ்ஹோர்னிலிருந்து ஜெனீவா வரை சூரிய சக்தி வண்டிகள் ஓடிய முதலாவது தூர் து சோல் போட்டி நடந்திருந்தது. அதன்பிறகு சுவிசில் பாடசாலைகளும் பட்டறைகளும் வீட்டுக் கராஜ்களும் சூரிய வண்டி செய்யப் புறப்பட்டுவிட்டன. பத்ரோனிடம் வேலை குவிந்தது. வரைய ஆள் தேவைப்பட்டது.

முதல் நாளே ஒரு மூன்று சக்கர வண்டியைக் காட்டி, இதன் 'மேத்ர்-கூப்ல்' எவ்வளவு என்று கேட்டார். எனக்குச் சொல்லே புதிது. தாளில் கப்பல் ஒன்றைக் கீறி, நடுவில் ஆக அகலமான விலா எலும்பைத் தடித்த கோட்டால் காட்டினார். அப்போது விளங்கியது. அம்மாவின் ஊர் வல்வெட்டித்துறை. 1938இல் அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை ஓட்டிப்போன ஊர் அது. அங்கே கப்பல் கட்டுகிறவர்கள் அந்த விலாவை வங்கு என்பார்கள். நடு வங்கு எவ்வளவு அகலமோ அவ்வளவு தண்ணீரைக் கப்பல் விலக்க வேண்டும். காருக்கும் அதேதான், தண்ணீருக்குப் பதில் காற்று. வண்டியை நேர் முன்னாலிருந்து பார்த்தால் அதன் நிழலுரு எவ்வளவு இடத்தை மறைக்கிறது? அந்தச் சதுர மீற்றர் கணக்குத்தான் முகப்பரப்பு.

அது ஏன் வேண்டும் என்று அவர் சொல்லித்தந்ததை இன்றைக்கும் வருகிறவர்களிடம் அப்படியே சொல்கிறேன். காற்றுத்தடைக்கு மூன்று பங்காளிகள்: காற்றின் அடர்த்தி, வேகத்தின் வர்க்கம், பிறகு வண்டி. வண்டியின் பங்கு உருவத்தின் நயத்தைச் சொல்லும் குணகத்தையும் முகப்பரப்பையும் பெருக்கி வருவது. 1987இல் அவுஸ்திரேலியாவைக் கடந்து முதலாவது உலக சூரியப் போட்டியை வென்ற ஜெனரல் மோட்டர்ஸின் சன்ரேசருக்குக் குணகம் 0.125, முகப்பரப்பு ஒரு சதுர மீற்றரை ஒட்டியது. மணிக்கு 67 கிலோமீற்றரில் அது காற்றை வெல்ல ஏறத்தாழ 500 வாட் போதும், வீட்டு மிக்ஸி இழுக்கும் அளவு. சூரியத் தகடு தரும் சொற்ப மின்சாரத்தில் ஓட வேண்டியவனுக்கு முகப்பரப்பில் ஒரு உள்ளங்கை அகலம் கூடினாலும் வலிக்கும். அந்தப் போட்டியில் பீல் பொறியியல் கல்லூரி மாணவர்களின் வண்டி மூன்றாவதாக வந்தது. 1990இல் அதே கல்லூரியின் 'ஸ்பிரிற் ஒஃப் பீல்' இரண்டாம் வண்டி முதலாவதாக வந்தது. ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைந்த தூரத்துப் பொடியள் உலகத்தை வென்றது எங்கள் பட்டறைக்கும் திருவிழாவாக இருந்தது.

முகப்பரப்பை அளக்க முதலில் நான் சூரியனை நம்பினேன். சூரியக் கதிர்கள் சமாந்தரமானவை, ஆகவே வெள்ளைச் சுவருக்கு முன்னால் வண்டியை நிறுத்தினால் விழும் நிழலே முகப்பரப்பு என்று கணக்குப் போட்டேன். யாழ்ப்பாணத்தில் என்றால் அது நடந்திருக்கும். பண்ணைக் கடற்கரையில் சூரியன் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு இறங்கும், கதிர் தரையோடு தரையாக வரும். ரெனானில் இரு பக்கமும் மலை முகடு. சூரியன் எட்டிப் பார்க்கும்போதே பல பாகை மேலே ஏறியிருக்கும். மேலிருந்து வரும் வெளிச்சத்தில் மூக்கும் கூரையும் சேர்ந்து நிழலாக விழுகின்றன. அதோடு சூரியன் ஒரு புள்ளியும் அல்ல, வானத்தில் அரைப் பாகை அகலமான தட்டு. நாலு மீற்றர் தள்ளியிருக்கும் சுவரில் நிழலின் ஓரம் மூன்று நாலு சென்ரிமீற்றர் மங்கிப் பரவும். அந்த மங்கலில் எந்த இடத்தில் கோடு போடுவது? மூன்று பேர் போட்டோம், மூன்று கோடு வந்தது.

பிறகு கமரா. இங்கேதான் என் பெரிய பிழை நடந்தது.

ஒரு மாரிகாலத்தில் சிறு குழு ஒன்று இரண்டு பேர் இருக்கும் வண்டியைக் கொண்டுவந்தது. முற்றத்தில் நிறுத்தி, மூக்கில் ஒரு மீற்றர் கோலைச் சாய்த்துவைத்து, எட்டு மீற்றர் தூரத்தில் நின்று படமெடுத்தேன். படத்தைப் பெருப்பித்து, கோலின் நீளத்தை அளவுகோலாக வைத்துப் பரப்பைக் கணக்கிட்டேன்: 0.945 சதுர மீற்றர். அவர்கள் ஏற்கெனவே காற்றில்லாத விடியற்காலைகளில் நேர் வீதியில் வண்டியை ஓடவிட்டு, மோட்டரை நிறுத்தி, வேகம் குறையும் நேரத்தை இரு திசையிலும் எடுத்திருந்தார்கள். அந்தச் சோதனை குணகத்தைத் தனியாகத் தராது, குணகத்தையும் பரப்பையும் பெருக்கிய தொகையைத்தான் தரும். பிரெஞ்சில் அதை 'எஸ்-சே-இக்ஸ்' என்பார்கள். அவர்களுக்கு வந்தது 0.30. என் பரப்பால் பிரித்தால் குணகம் 0.32. இவ்வளவு அழகான உருவத்துக்கு இவ்வளவு மோசமான குணகமா என்று அவர்கள் மனம் உடைந்துபோனார்கள். மாரி முழுக்க மூக்கை அறுத்து, தேய்த்து, திரும்ப வார்த்தார்கள். சக்கரங்களுக்குப் புது மூடி போட்டார்கள். இளவேனிலில் திரும்பவும் ஓட்டிப் பார்த்தால் தொகை அசையவில்லை.

பத்ரோன் ஒன்றும் பேசாமல் அளவு நாடாவை எடுத்து வண்டியின் தோளுக்குக் குறுக்கே பிடித்தார். 1.20 மீற்றர். என் படத்தில் அதே தோள் 1.04. வண்டியின் ஆக அகலமான இடம் மூக்கிலிருந்து 1.2 மீற்றர் பின்னால் இருந்தது. கமராவிலிருந்து மூக்கு எட்டு மீற்றர், தோள் 9.2 மீற்றர். தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும் என்பது குழந்தைக்கும் தெரிந்த விசயம். நீளத்தில் 13 சதவீதம் சுருங்கினால் பரப்பில் 24 சதவீதம் சுருங்கும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. உண்மைப் பரப்பு 1.25. குணகம் 0.24, அருமையான உருவம். அவர்கள் வெட்டியிருக்க வேண்டியது மூக்கை அல்ல, இருக்கைகளைச் சற்று முன்பின்னாக வைத்துத் தோளின் அகலத்தை. ஒரு மாரிகால உழைப்பை நான் தவறான திசைக்கு அனுப்பியிருந்தேன். அவர்கள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

அதிலிருந்து எந்தப் படத்தையும் நாடாவால் அகலமும் உயரமும் பார்க்காமல் நான் நம்பியதில்லை. ஜெர்மன் வாகனப் பொறியியல் நூல்களில் ஒரு கைக்கணக்கு உண்டு: சாதாரணக் காருக்கு அகலத்தையும் உயரத்தையும் பெருக்கி அதில் ஐந்தில் நாலு பங்கு, அல்லது சற்றுக் கூட. அது அளவீடு அல்ல, ஆனால் காவல்காரன். அளந்தது அந்த எண்ணிலிருந்து வெகுதூரம் விலகினால் எங்கோ பிழை இருக்கிறது. அன்றைக்கு அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்திருந்தால் 1.2 என்று வந்திருக்கும். 0.945ஐ எழுதக் கை கூசியிருக்கும்.

தீர்வு தூரம். ஊருக்கு வெளியே மேய்ச்சல் நிலத்தை ஒட்டி மட்டமான நேர்ப்பாதை ஒன்று இருந்தது. வண்டியை ஒரு முனையில் நிறுத்தி, நூறு மீற்றர் தள்ளி 400 மில்லிமீற்றர் வில்லையோடு நிற்போம். அளவுகோலை மூக்கில் வைப்பதை நிறுத்தினோம். ஒட்டுப்பலகையில் சரியாக ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் சதுரம் வெட்டி, கறுப்பு மை பூசி, வண்டியின் ஆக அகலமான இடத்துக்கு நேரே பக்கத்தில் நிறுத்தினோம். கோலைவிடச் சதுரம் நல்லது. பரப்பைப் பரப்போடு ஒப்பிடலாம், படம் பெருப்பிக்கும்போது ஒரு பக்கம் இழுபட்டாலும் தெரிந்துவிடும். கமரா வண்டியின் பாதி உயரத்தில் இருக்க வேண்டும். நூறு மீற்றரிலும் கமரா ஒரு மீற்றர் உயர்ந்தால் கூரையின் ஒரு கீற்று படத்துக்குள் வந்து, அந்தச் சின்ன வண்டியில் பரப்பைக் கிட்டத்தட்ட 3 சதவீதம் கூட்டிவிடும். ஆகவே ஈரப் புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டு படமெடுப்பது என் வேலையானது.

கோடையில் நடுப்பகலில் தார் வீதியில் கானல் அலையும், விளிம்பு நடுங்கும். நல்ல காலம் மாரிதான். பனி மூடிய மேய்ச்சல் நிலம் பின்னணியாக நிற்கும், முகில் மூடிய வானத்தில் நிழலே இராது, கறுத்த வண்டி கத்தரித்து ஒட்டியதுபோல் தெரியும். வெள்ளை வண்டி வந்தால்தான் பாடு. பனியும் வண்டியும் ஒன்றாகிவிடும். அதற்கென்று பத்ரோன் லொறிக்காரரிடம் ஒரு பெரிய கறுப்புத் தார்ப்பாய் வாங்கினார். இரண்டு பேர் கம்புகளில் கட்டிப் பிடிப்பார்கள். கைவிரல் விறைத்து அவர்கள் கத்துவதற்குள் நான் ஆறு படம் எடுத்துவிட வேண்டும்.

படம் வந்தபின் பரப்பை எப்படி எடுப்பது? பத்ரோனின் மேசை இழுப்பறையில் வெல்வெற் பெட்டிக்குள் ஒரு பிளானிமீற்றர் இருந்தது. அது சுவிஸ்காரரின் கண்டுபிடிப்பு. 1854இல் ஷாஃப்ஹவுசன் நகரின் கணித ஆசிரியர் யாக்கோப் அம்ஸ்லர் செய்தது. இரண்டு புயம், நடுவில் மூட்டு. ஒரு புயத்தின் நுனியை ஊசியால் மேசையில் குத்தி நிறுத்துவோம். மற்றதன் நுனியை உருவத்தின் ஓரமாக வலஞ்சுழியாக ஒரு சுற்றுக் கொண்டுபோய்த் தொடங்கிய புள்ளிக்கே திரும்ப வேண்டும். புயத்தில் ஒரு சின்ன உருக்குச் சில்லு இருக்கும். நுனி போகும்போது அது சிலவேளை உருளும், சிலவேளை பக்கவாட்டில் வழுக்கும். உருண்டதைச் சில்லின் விளிம்பில் உள்ள கோடுகளில் வாசித்தால் பரப்பு. எந்தக் கோணல்மாணலான உருவமானாலும் சரி. முதன்முதல் செய்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஓரத்தைச் சுற்றி வந்தால் உள்ளே எவ்வளவு என்று ஒரு சில்லுக்குத் தெரிகிறது.

ஆனால் கைக்குப் பழக்கம் வேண்டும். முழங்கையை மேசையில் ஊன்றக்கூடாது. காலையில் கோப்பி குடிக்குமுன் செய்வேன். ஊசி உருவத்தின் இடப்பக்கம் இருக்க ஐந்து சுற்று, பிறகு வலப்பக்கம் மாற்றி ஐந்து. சில்லின் அச்சு துளி கோணலாக இருந்தாலும் இரண்டு பக்கப் பிழையும் ஒன்றையொன்று தின்றுவிடும். கீழே விரிக்கும் தாள் வழவழப்பாக இருந்தால் சில்லு சறுக்கி எண் குறையும். இதெல்லாம் புத்தகத்தில் ஒரு வரி. எனக்கு இரண்டு வருடம்.

அந்த ஊரின் கை வேறொரு வழியையும் வைத்திருந்தது. தடித்த படத்தாளில் உருவத்தைக் கத்தியால் வெட்டி நிறுத்துப் பார்ப்பது. கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு பல்லுச் சில்லு திருத்தியவர்களுக்கு ஒரு காரின் ஓரத்தை வெட்டுவது பெரிய காரியமல்ல. மில்லிகிராமை நிறுக்கும் தராசும் பட்டறையில் இருந்தது. அதே தாளிலிருந்து சதுரப் பலகையின் படத்தையும் வெட்டி நிறுப்போம், இரண்டு நிறையின் விகிதமே பரப்பு. ஒருநாள் காலையில் சதுரத்தையும் பின்னேரம் காரையும் நிறுத்தேன். இடையில் மழை. தாள் ஈரத்தைக் குடித்துக் கார் 'பெருத்து'விட்டது. அதன்பிறகு இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக, கதவைச் சாத்திக்கொண்டு நிறுப்போம். பிளானிமீற்றரும் தராசும் அரைச் சதவீதத்துக்குள் ஒத்துப்போனால்தான் குறிப்பேட்டில் மையால் எழுதுவது. பிளானிமீற்றரைப் பிடித்தவர் தராசைத் தொடக்கூடாது என்பது பத்ரோனின் சட்டம்.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான் கூடுதலான சண்டை. ரயர் சேரும். பக்கக் கண்ணாடி சேரும், அதன் தண்டும் சேரும். வண்டிக்கு அடியில் தொங்கும் அச்சும் குழாயும் சேரும். சக்கரங்களுக்கிடையே தெரியும் வெளிச்சம் சேராது. கண்ணாடியை மடித்துவிட்டு அளக்கச் சொன்னவர்கள் உண்டு. ஓடும்போது மடித்துக்கொண்டா ஓடப் போகிறீர்கள் என்று கேட்பேன். வண்டியைத் தரையோடு பதித்தால் முகப்பரப்பு நிறையக் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். உடல் உடல்தான், கீழே இறங்கினால் மறைவது ரயரின் ஒரு துண்டு மட்டுமே. பதிப்பதால் வரும் நன்மை பெரும்பாலும் அடியில் காற்று ஓடும் விதத்தில் இருக்கிறது. அதைப் பரப்புக் கணக்கில் தேடக்கூடாது.

விளம்பரத்துக்காகக் குணகத்தை மட்டும் கேட்டு வருகிறவர்களோடு எனக்குக் கடைசிவரை ஒத்துவரவில்லை. ஓடவிட்டு எடுத்த தொகை ஒன்றுதான். அதில் பரப்பைக் கொஞ்சம் கூட்டி எழுதினால் குணகம் அழகாகக் குறைந்துவிடும். கண்ணாடியின் தண்டையும் இலக்கத் தகட்டையும் பெருந்தன்மையாகச் சுற்றிவளைத்தால் போதும். ஒரு வாடிக்கையாளர் அப்படி ஒரு எண்ணை எங்கள் பெயரில் கேட்டார், கொடுக்கவில்லை. அந்த வருடத்தின் ஆகப் பெரிய வேலை கைநழுவிப் போயிற்று. காற்றின் அடர்த்தியிலும் இதே கதை நடக்கும். 900 மீற்றர் உயரத்தில் காற்று கடல்மட்டத்தைவிட எட்டுச் சதவீதத்துக்கு மேல் ஐதானது. எங்கள் ஊரில் ஓடவிட்டுப் பார்த்து, கடல்மட்ட அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டால் யாருடைய வண்டியும் எட்டுச் சதவீதம் நல்ல வண்டியாகிவிடும்.

2002இல் ஏ-9 பாதை திறந்தபின், அடுத்த வருடம் பதினெட்டு வருடங்களுக்குப் பிறகு ஊருக்குப் போனேன். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சாமான் ஏற்றும் லொறி ஓடிக்கொண்டிருந்த ஒன்றுவிட்ட தம்பியோடு வவுனியாவிலிருந்து பயணம்.

"அண்ணை, ஒரு விசயம் எனக்கு விளங்குறேல்லை," என்றான். "சீமெந்து ஏத்தினா டீசல் ஒரு கணக்கிலை போகுது. பிளாஸ்ரிக் கதிரை ஏத்தினா அதையும் விடக் கூடப் போகுது. கதிரைக்குப் பாரமே இல்லையே?"

"கதிரையை எவ்வளவு உயரத்துக்கு அடுக்குவாய்?"

"கபினுக்கு மேலை ஒரு ஆள் உயரத்துக்கு வரும்."

லொறியை ஓரங்கட்டச் சொல்லி, இறங்கி முன்னால் தள்ளிப்போய் நின்று பார்க்கச் சொன்னேன். கபினுக்கு மேலே இரண்டு மீற்றர் அகலம், ஒரு மீற்றர் உயரம் என்று குறைத்து வைத்தாலும் இரண்டு சதுர மீற்றர் கூடுதல் முகம். தட்டையான அந்த முகத்துக்குக் குணகம் 0.8 என்று கொண்டால், மணிக்கு 60 கிலோமீற்றரில் அதைத் தள்ள மட்டும் நாலு கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். அந்தக் காலத்துக் குண்டும் குழியுமான பாதையில் அறுபதை எட்டியது சில இடங்களில்தான், அங்கேதான் டீசலும் போயிருக்கிறது. தம்பி கனநேரம் லொறியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த முறை கதிரைகளைப் பின்பக்கம் நீளத்துக்கு அடுக்கி, முன்வரிசையைக் கபின் மட்டத்துக்கு இறக்கியதாகத் தொலைபேசியில் சொன்னான். டீசல் எவ்வளவு மிஞ்சியது என்று அவன் எழுதி வைக்கவில்லை. எழுதச் சொல்லாதது என் குறை.

தொண்ணூறுகளின் கடைசியில் பிளானிமீற்றர் பெட்டிக்குள் போய்விட்டது. படத்தைக் கணினியில் ஏற்றி, வண்டிக்குள் எத்தனை படப்புள்ளி, சதுரத்துக்குள் எத்தனை என்று எண்ணினால் முடிந்தது. வேலை வேகமாயிற்று, தவறுகளும் வேகமாயின. படத்தில் ஒரு புள்ளி மூன்று மில்லிமீற்றர் என்றால், ஆறு மீற்றர் சுற்றளவுள்ள ஒரு காரின் ஓரத்தை ஒரு புள்ளி தள்ளி எடுத்தாலே 0.018 சதுர மீற்றர், ஏறக்குறைய ஒரு சதவீதம். பயிற்சிக்கு வரும் இளையவர்கள் திரையில் நாலு தசமம் வருவதைக் கண்டு நாலையும் எழுதுவார்கள். எந்தச் சாம்பல் நிறத்தில் காரை வெட்டினாய், அதை ஒரு படி மாற்றினால் மூன்றாம் தசமம் எங்கே போகிறது பார் என்று உட்கார்த்திக் காட்டுவேன். பெரிய காற்றுச் சுரங்கங்களில் இப்போது லேசர் கதிர் ஒன்று வண்டியின் நீளத்துக்குச் சமாந்தரமாக நின்றபடி ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நகர்கிறது. அங்கே கதிர் விரிவதில்லை, ஆகவே தூரம் சிறிதாக்கும் என்ற பிரச்சினையே எழாது. சூரியனை வைத்து நான் செய்யப் பார்த்ததை அந்த இயந்திரம் சரியாகச் செய்கிறது. கணினி வரைபடத்திலிருந்தும் ஒரு சொடுக்கில் பரப்பு வரும். ஆனால் அந்த வரைபடத்து வண்டியில் இலக்கத் தகடு இராது, துடைப்பான் இராது, ரயர் பாரத்தில் பிதுங்கியிராது.

பத்ரோன் போய்விட்டார். பட்டறை கைமாறியது. தார்ப்பாயும் ஒரு மீற்றர் பலகையும் பிளானிமீற்றரும் என் வீட்டுக் கீழறையில் இருக்கின்றன. போன மாசியில் ஒரு மாணவி, மூடிய உடலுள்ள மூன்று சக்கர மிதிவண்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். தானே வார்த்தது, வெள்ளை நிறம். வெளியே முழங்கால் அளவு பனி. அவளுடைய இரண்டு நண்பர்கள் தார்ப்பாயைப் பிடித்தார்கள், நான் நூறு மீற்றர் தள்ளிப் பனியில் ஒரு பழைய மெத்தையைப் போட்டுப் படுத்தேன். இரவு அவள் கணினியில் எண்ணினாள், நான் படத்தை அச்சிட்டுப் பிளானிமீற்றரால் சுற்றினேன். ஒருவர் எண்ணை மற்றவருக்குக் காட்டாமல் தாளில் எழுதி மடித்து வைத்தோம். அவளுக்கு 0.447, எனக்கு 0.452. ஒரு சதவீதத்துக்கு மேல் இடைவெளி. இரண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இடப்பக்கக் கண்ணாடியின் தண்டு அவளுடைய கணக்கில் விடுபட்டிருந்தது. கறுப்புத் தண்டு, கறுப்புத் தார்ப்பாய். அவள் அதைச் சேர்த்துத் திரும்ப எண்ணினாள்: 0.451. குறிப்பேட்டில் 0.45 என்று எழுதி, அளந்தவர் என்ற நிரலில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.